போலீஸ் கேஸ் வந்துவிட்டதா? செக்சன், ஜாமீன், எதிர்வாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் குற்ற வழக்குகளை எடுத்து நடத்துகிறேன். கோர்ட் வராந்தாவில் பதறிப்போய் நிற்பவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். கேஸ் கட்டைப் படிக்காமல் எந்த வக்கீலாலும் உங்கள் வழக்குக்கு முடிவு சொல்ல முடியாது. ஆனால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பது இதைப் படித்தால் பிடிபடும்.

என் மேல் எப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள். நான் குற்றவாளி ஆகிவிட்டேனா?

இல்லை. எப்.ஐ.ஆர். என்பது போலீசுக்குக் கிடைத்த முதல் தகவல், அவ்வளவுதான். அதில் எழுதியிருப்பது புகார் கொடுத்தவர் சொன்னது. அதன் பிறகு விசாரணை, குற்றப்பத்திரிகை, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை எல்லாம் முடிந்து நீதிபதி தீர்ப்பு எழுதும்வரை நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய சுமை அரசுத் தரப்பின் தலையில் இருக்கிறது. செக் கேஸ் போன்ற சிலவற்றில்தான் இது கொஞ்சம் மாறும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்டேஷனில் கொடுத்த சீட்டில் சி.எஸ்.ஆர். என்று இருந்தால் அது புகார் பெற்றதற்கான ரசீது. வழக்கு இன்னும் பதிவாகவில்லை என்று அர்த்தம். எப்.ஐ.ஆர். ஆகிவிட்டதென்றால் முதல் வேலையாக நகலை வாங்குங்கள். பாலியல் குற்றம் போன்ற சில வகைகளைத் தவிர மற்ற எப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு வழக்கில் 323 என்கிறார்கள், இன்னொன்றில் 115(2) என்கிறார்கள். ஏன் இந்தக் குழப்பம்?

2024 ஜூலை 1 முதல் 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்., வந்துவிட்டது. சம்பவம் அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் பழைய செக்சன், பின் நடந்திருந்தால் புதியது. 420 இப்போது 318(4). 302 இப்போது 103. எண்கள் மாறினாலும், இந்தப் பக்கத்தில் பேசும் குற்றங்களின் உள்ளடக்கம் பெரும்பாலும் பழையதுதான்.

எண்ணைப் பார்த்து மலைத்துப்போக வேண்டாம். அந்தச் செக்சன் எதையெல்லாம் நிரூபிக்கச் சொல்கிறது என்று பாருங்கள். நான்கு விஷயங்களை நிரூபிக்கச் சொன்னால், அதில் ஒன்று இல்லையென்றாலும் அந்தக் குற்றம் நிற்காது. எதிர்வாதம் என்று நாங்கள் செய்வதில் பெரும்பகுதி அந்த இல்லாத ஒன்றைத் தேடுவதுதான்.

294(பி), 323, 506(2). தெருச் சண்டை என்றாலே இந்த மூன்றும் சேர்ந்து வருகிறதே?

ஆமாம். தமிழ்நாட்டு எப்.ஐ.ஆர்.களில் இந்த மூன்றும் பிரியாத கூட்டாளிகள். "அசிங்கமாகத் திட்டினார், கையால் அடித்தார், கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார்" என்ற ஒரே வாக்கியம் ஆயிரக்கணக்கான புகார்களில் இருக்கிறது. புதிய எண்கள் 296(பி), 115(2), 351(3).

முதலாவது, ஆபாசமாகப் பேசுவது. வெறும் வசவு ஆபாசம் ஆகாது. பொது இடத்திலோ அதன் அருகிலோ பேசியிருக்க வேண்டும், கேட்ட மற்றவர்களுக்கு அது தொந்தரவாக இருந்திருக்க வேண்டும். என்ன வார்த்தை பேசினார் என்பதே புகாரில் இல்லாத வழக்குகள் ஏராளம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: திட்டியது, அவமானப்படுத்தியது மட்டும் இந்தச் செக்சனுக்குப் போதாது.

மூன்றாவது, கொலை மிரட்டல். 7 ஆண்டு வரை தண்டனை என்றதும் குடும்பமே ஆடிப்போகும். ஆனால் கோபத்தில் வாய்தவறி வந்த சொல் மட்டும் மிரட்டல் குற்றம் ஆகாது, கேட்டவருக்கு உண்மையான அச்சத்தை உண்டாக்கும் நோக்கம் வேண்டும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. மிரட்டப்பட்டதாகச் சொல்பவர் மறுநாள் அதே தெருவில் வழக்கம்போலக் கடை திறந்தாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்பது இதனால்தான்.

நடுவில் இருக்கும் காயம்தான் கவனம் வேண்டிய பகுதி. அரசு மருத்துவமனையில் காயம்பட்டவர் சேரும்போது மருத்துவர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, வரிவரியாகப் படிக்க வேண்டும். "தெரிந்த 2 பேர் கையால் தாக்கியதாக" என்று அதில் இருக்கும். சில மணி நேரம் கழித்துப் பதிவான எப்.ஐ.ஆரில் 7 பேரும் இரும்புக் கம்பியும் வந்திருப்பார்கள். அந்த இடைவெளியில் பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்று காட்ட இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. எப்.ஐ.ஆர். நீதிபதியின் கைக்கு எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போனது என்று அவர் கையெழுத்தின் கீழ் குறித்திருப்பார். உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து உள்ளூர் கோர்ட்டுக்குப் போக இரண்டு நாள் ஆகியிருந்தால், ஏன் என்று கேட்க உரிமை உண்டு.

அவர்கள்தான் முதலில் அடித்தார்கள். தடுக்கப்போனேன், என் மேலும் கேஸ்.

தற்காப்பு உரிமையைச் சட்டமே தருகிறது. பி.என்.எஸ்.-இல் 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் அதைப் பற்றியவைதான். ஆனால் வந்த ஆபத்துக்குத் தேவையான அளவுக்குத்தான் எதிர்க்கலாம். கீழே விழுந்தவரை மறுபடி அடித்தால் அது தற்காப்பு இல்லை.

நீங்களும் காயம்பட்டிருந்தால் தயவுசெய்து உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "சின்னக் காயம்தானே" என்று வீட்டில் மஞ்சள் போட்டுக்கொண்டு இருந்துவிட்டு, ஆறு மாதம் கழித்துத் தற்காப்பு என்றால் நம்ப வைப்பது கடினம். எதிர்ப் புகாரும் கொடுங்கள். இரு தரப்பும் புகார் கொடுத்திருந்தால் இரண்டையும் சேர்த்து விசாரித்து எது உண்மை என்று கண்டறிய வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலை ஆணைகளிலேயே இருக்கிறது. ஒன்றை மட்டும் விசாரித்துவிட்டு மற்றதைக் கிடப்பில் போட்டால், குற்றம் சாட்டப்பட்டவரின் காயத்துக்கு விளக்கம் தராத வழக்கு என்று நாங்கள் வாதாடுவோம்.

விசாரணைக்கு வரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது. போகலாமா?

ஓடி ஒளிய வேண்டாம். போன் அழைப்பைவிட எழுத்துப்பூர்வமான சம்மன் கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்யாமல் நோட்டீஸ் கொடுத்து விசாரிப்பதுதான் முறை என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்போது அந்த நோட்டீஸ் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன் கீழ் வருகிறது. நோட்டீஸ் வந்தால் போய் ஆஜராகிவிடுங்கள். போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு அழைக்கக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். சூரியன் மறைந்த பின் விடியும்வரை பெண்ணைக் கைது செய்ய வேண்டுமென்றால் அது விதிவிலக்கான சூழலாக இருக்க வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரிதான் செய்ய வேண்டும். யாரைக் கைது செய்தாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். அடித்திருந்தால் அந்த நீதிபதியிடம் அங்கேயே வாய்திறந்து சொல்லுங்கள். பயத்தில் "ஒன்றுமில்லை ஐயா" என்று சொல்லிவிட்டு வந்து என்னிடம் முதுகைக் காட்டுகிறார்கள். காட்ட வேண்டிய இடமும் நேரமும் அதுதான்.

ஸ்டேஷனில் நானே ஒப்புக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சாட்சியம் ஆகாது. 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது, புதிய சாட்சியச் சட்டத்திலும் 23-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒரே விலக்கு: நீங்கள் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கான பகுதி மட்டும் செல்லும். அதனால்தான் ஒவ்வொரு வழக்கிலும் "புதரிலிருந்து அரிவாளை எடுத்துக் கொடுத்தார்" என்று ஒரு மகஜர், அதாவது சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் பதிவு, வரும். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த இடம் எல்லோரும் நடமாடும் இடமா, பொருள் ஏற்கெனவே போலீஸ் கையில் இருந்ததா, மகஜர் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதியதா என்பதுதான் அங்கே நடக்கும் சண்டை.

முன்ஜாமீன், ஜாமீன், சட்டப்படியான ஜாமீன். மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

கைதுக்கு முன் மாவட்ட அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ கேட்பது முன்ஜாமீன். உள்ளே போன பிறகு கேட்பது ஜாமீன். மூன்றாவதைப் பலர் தவறவிடுகிறார்கள். பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாவதற்கு முன் மனுப் போட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் அந்த உரிமை போய்விடும். ரிமாண்ட் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு எண்ணிக்கொண்டே இருங்கள்.

ஜாமீனில் "தினமும் காலை 10.30 மணிக்குக் கையெழுத்து" என்ற நிபந்தனை வழக்கமானது. வேலை போகிறது, ஊர் தூரம் என்றால் சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டு நிபந்தனையைத் தளர்த்தக் கேட்கலாம். கேட்காமலே நிறுத்திவிடாதீர்கள்.

திருட்டு வழக்கு?

303(2), 3 ஆண்டு வரை தண்டனை. பொருளை நேர்மையற்ற நோக்கத்தோடு, உடைமையாளர் சம்மதமில்லாமல் எடுத்தாரா என்பதே கேள்வி. தன்னுடையது என்று உண்மையாக நம்பி எடுத்தால் திருட்டு இல்லை. சொந்தத் தகராறுகளில் இது அடிக்கடி உதவும். முதல் தடவை, 5,000 ரூபாய்க்குக் கீழான பொருள், திருப்பியும் கொடுத்தாயிற்று என்றால் புதிய சட்டம் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையைத் தண்டனையாக வைத்திருக்கிறது. நல்ல மாற்றம் என்பேன்.

கடன் வாங்கும்போது வெற்றுச் செக் கொடுத்தேன். அதில் பெரிய தொகையை எழுதி கேஸ் போட்டுவிட்டார்.

இது செக் பணமில்லாமல் திரும்புவதைக் குற்றமாக்கும், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் கவலை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தேதிகள். செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள். அதற்குப் பின் ஒரு மாதத்துக்குள் அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டும். இதில் ஏதாவது தவறியிருக்கிறதா என்றுதான் வக்கீல் முதலில் பார்ப்பார்.

அடுத்து, மேலே சொன்ன மாற்றம். கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். வெற்றுச் செக்காகக் கொடுத்து மற்றவர் நிரப்பினாலும் இந்த அனுமானம் பொருந்தும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே "நான் நிரப்பவில்லை" என்பது மட்டும் எதிர்வாதம் இல்லை. கடன் இல்லை, அல்லது அவ்வளவு இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். ஆனால் அரசுத் தரப்பைப் போலச் சந்தேகமறக் காட்டத் தேவையில்லை. உங்கள் கதைதான் நடந்திருக்கக்கூடியது என்ற அளவுக்குக் காட்டினால் போதும். அவ்வளவு பெரிய தொகை கொடுக்க அவருக்கு வசதி இருந்ததா? வருமான வரிக் கணக்கில் காட்டியிருக்கிறாரா? ரொக்கமாகவா, வங்கி மூலமா? நீங்கள் கட்டிய வட்டிக்கு ஜிபே, போன்பே பதிவு இருக்கிறதா? இடையில் கட்டியதைக் கழிக்காமல் முழுத் தொகைக்குச் செக் போட்டாரா? கந்துவட்டி என்றால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி தனியாகப் புகார் கொடுக்கவும் வழி உண்டு.

மக்கள் செய்யும் பெரிய பிழை, வக்கீல் நோட்டீசுக்குப் பதில் போடாமல் இருப்பது. சிலர் வாங்காமலே திருப்பி அனுப்புகிறார்கள். இரண்டும் உங்களுக்கு எதிராகவே போகும். 15 நாளுக்குள் உண்மையான கணக்கோடு பதில் நோட்டீஸ் அனுப்புங்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கூண்டில் நின்று முதல் தடவையாகச் சொல்லும் கதைக்கு மதிப்புக் குறைவு. கடன் உண்மையென்றால், எந்தக் கட்டத்திலும் சமரசம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. வழக்கு இழுக்க இழுக்கச் செலவுதான் கூடும். விசாரணையின்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கட்டச் சொல்லவும் முடியும்.

வாங்கிய பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை. 420 போடுவேன் என்கிறார்.

பணம் திருப்பித் தராதது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். தொழில் நஷ்டமாகி, பாதிப் பணம் கட்டி, மீதிக்கு அவகாசம் கேட்டவரிடம் அந்த எண்ணம் இருந்தது என்று காட்டுவது கடினம். அது சிவில் வழக்கு. கூடவே நம்பிக்கை மோசடியையும், அதாவது நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவதையும், சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஒரே சம்பவத்தில் இரண்டும் சேர்ந்து நிற்காது என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படிப்பட்ட வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். ஆனால் இல்லாத வேலைக்குப் பணம் வாங்கியது, ஒரே இடத்தை இரண்டு பேருக்கு விற்றது போன்றவற்றுக்கு இந்த வாதம் செல்லாது.

வண்டி ஓட்டும்போது விபத்து, ஒருவர் இறந்துவிட்டார்.

வண்டியை விட்டு ஓடாதீர்கள். காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது ஓட்டுநரின் சட்டக் கடமை. கூட்டம் அடிக்க வந்தால் நேராக அருகிலுள்ள ஸ்டேஷனுக்குப் போங்கள்.

அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தல் என்ற குற்றத்துக்கு முன்பு 2 ஆண்டு இருந்தது, இப்போது 106(1)-இல் 5 ஆண்டு வரை. ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். மரணம் நடந்ததாலேயே ஓட்டுநர் அஜாக்கிரதையாக இருந்தார் என்று ஆகிவிடாது. "அதிவேகமாக வந்தார்" என்று சாட்சி சொன்னால் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லியிருக்கிறது. சம்பவ இட வரைபடத்தில் வண்டி எந்தப் பக்கம் நின்றது, மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக் பற்றி என்ன எழுதினார், சாட்சி உண்மையிலேயே மோதலைப் பார்த்தாரா, சத்தம் கேட்டுத் திரும்பியவரா என்பவைதான் வழக்கைத் தீர்மானிக்கும். இறந்தவர் குடும்பத்தின் இழப்பீட்டு வழக்கு தனி. இங்கே விடுதலை ஆனாலும் அங்கே இழப்பீடு கிடைக்கலாம். கிடைக்கவும் வேண்டும்.

குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் நிலைமை வேறு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினாலே குற்றம். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

பையன் கஞ்சாவோடு பிடிபட்டான்.

அளவுதான் எல்லாமே. ஒரு கிலோவுக்குக் கீழ் சிறிய அளவு, ஓர் ஆண்டு வரை தண்டனை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம். இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. இலையும் விதையும் மட்டும் தனியாக இருந்தால் சட்டப்படி அது கஞ்சாவே இல்லை. அதனால் எடை போடும்போது எதையெல்லாம் சேர்த்தார்கள் என்று கேட்க வேண்டும். உடலைச் சோதிக்கும் முன், மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமையைச் சொல்லியிருக்க வேண்டும். பையை மட்டும் சோதித்தால் இந்த விதி பொருந்தாது. மாதிரி எடுத்ததிலிருந்து ஆய்வகம் போனதுவரை முத்திரை சரியாக இருந்ததா என்றும் பார்ப்போம். வழக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். பையனைப் போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்கும் கூட்டிப்போங்கள்.

கணவர் வீட்டார் மேல் மகளிர் காவல் நிலையத்தில் புகார். எல்லோர் பெயரும் இருக்கிறது.

கணவரோ அவர் வீட்டாரோ மனைவியைக் கொடுமைப்படுத்தும் குற்றம் இது, பழைய 498ஏ, இப்போது 85. உண்மையிலேயே அடிபட்ட பெண்களுக்காக வந்த சட்டம் இது, அதன் தேவை இன்னும் குறையவில்லை. கணவர் மேலான புகாரை அதன் தகுதியில் எதிர்கொள்ளுங்கள். ஆனால், வேறு ஊரில் வாழும் நாத்தனார், கொழுந்தன் பெயரெல்லாம் எந்தத் தேதி, எந்தச் செயல் என்ற விவரமே இல்லாமல் சேர்க்கப்பட்டிருந்தால், அவர்கள் மேலான வழக்கு ரத்தாக நல்ல வாய்ப்பு உண்டு. பொத்தாம் பொதுவான குற்றச்சாட்டை 2022-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

"ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுப் போ, ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார்கள். செய்யலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். 75 கேஸ் என்று ஊரில் சொல்வார்களே, பொது இடத்தில் குடித்துவிட்டுத் தகராறு என்ற வகை, சீட்டாட்டக் கேஸ், சின்ன அடிதடி. இவற்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில நூறு ரூபாய் கட்டினால் அன்றே வீட்டுக்குப் போகலாம்தான். ஆனால் அது தண்டனைத் தீர்ப்பு. அபராதம் மட்டும் என்றாலும் "தண்டிக்கப்பட்டவர்" என்று பதிவாகும்.

அப்படி 19 வயதில் ஒப்புக்கொண்ட ஒரு பையன் 24 வயதில் காவலர் தேர்வில் எழுத்து, உடல்தகுதி எல்லாம் தேறி, கடைசியில் நடத்தைச் சரிபார்ப்பில் நின்றுபோனான். சம்பவத்தன்று அவன் அந்த இடத்தில் வேடிக்கை பார்த்தவன் மட்டுமே. கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும், பக்கத்தில் நின்றவர் சொன்னதைக் கேட்டு "ஆமாம் ஐயா" என்று சொன்ன இரண்டு வார்த்தைகள் அவன் வேலையை எடுத்துக்கொண்டன. அவன் அம்மா என் மேசை முன் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். செய்திருந்தாலும், முதல் குற்றமென்றால் 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் விடுவிக்கக் கேட்க முடியுமா என்று வக்கீலிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

இரண்டு தரப்பும் ராசியாகிவிட்டோம். கேஸ் தானாகப் போய்விடுமா?

தானாகப் போகாது. சின்னக் காயம், திருட்டு, மோசடி போன்ற சில குற்றங்களை விசாரணை நீதிமன்றத்திலேயே சமரசமாக முடிக்கலாம், சிலவற்றுக்கு நீதிபதியின் அனுமதி தேவை. சமரசத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் பட்டியலில் இல்லாதவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு. தென்மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றைப் பணம் கொடுத்து ராசி பேசி முடிக்க முடியாது.

வாய்தாவுக்குப் போக முடியவில்லை.

அன்றே வக்கீல் மூலம் மனுப் போடுங்கள். தொடர்ந்து போகாவிட்டால் பிடிவாரண்ட் வரும். வந்துவிட்டால், போலீஸ் தேடி வருமுன் நீங்களாகவே கோர்ட்டில் ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறக் கேளுங்கள்.

வக்கீல் வைக்கப் பணமில்லை.

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. வருமானம் குறைந்த மற்றவர்களுக்கும் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

விடுதலை ஆகிவிட்டேன். இனி வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் சிக்கல் இல்லையே?

வழக்கு நடக்கும்போது பாஸ்போர்ட் வேண்டுமென்றால் கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும். விடுதலைக்குப் பின் அந்தத் தடை இல்லை. அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் வழக்கு இருந்ததா என்று கேட்டால் மறைக்காமல் எழுதுங்கள். வழக்கைவிட மறைத்ததற்காக வேலை இழந்தவர்கள் அதிகம். போலீஸ் வேலையில் மட்டும் இன்னொரு கண்டிப்பு உண்டு: "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று தீர்ப்பில் இருந்தால் அதை முழு விடுதலையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே வாதத்தின்போதே, வழக்கு நிரூபிக்கப்படவே இல்லை என்று தீர்ப்பில் பதிவு செய்யும்படி உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்குங்கள். ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மற்றதைப் படிப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள்.